மெழுகுக் கால்

ஜூலை 1, திங்கள்

காலை முழுக்கப் பெட்டி கழுவினேன். எங்கள் ஆய்வகத்தில் உள்ள அத்தனை கரப்பான் பெட்டிகளையும் கழுவுவது என் பொறுப்பு. நான் ஐந்தாம் ஆண்டு ஆய்வு மாணவி. எனக்குப் பிறகு சேர்ந்த கோகுல் கேமரா பார்க்கிறான். அவன் அப்பாவும் எங்கள் வழிகாட்டி ஆவுடையப்பன் சாரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். கேமரா அறைச் சாவி அவன் பேண்ட் பையை விட்டு இறங்காது.

நான் சேர்ந்த புதிதில் கரப்பானைக் கையால் அள்ளியதைப் பார்த்து சார் எல்லார் முன்னாலும் பாராட்டினார். பாராட்டு அன்றோடு முடிந்துவிட்டது. அள்ளும் வேலை முடியவில்லை.

மூத்தவர் அம்புரோஸ் அண்ணன் இன்று ஆய்வகத்துக்கு வரவில்லை. சார் மகளை நுழைவுத்தேர்வு வகுப்பில் விட வேண்டும், காருக்கு ஆயில் மாற்ற வேண்டும். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு, வைவா என்கிற வாய்மொழித் தேர்வின் தேதிக்குக் காத்திருக்கும் மனிதர். முனைவர் பட்டம் வாசலுக்கு வந்துவிட்டது. இவர் இன்னும் ஆயில் டப்பாவோடு நிற்கிறார்.

ஜூலை 4, வியாழன்

அம்மா போன் செய்தாள். பெண் கேட்டு வருகிறவர்களிடம் நான் என்ன படிக்கிறேன் என்று சொல்வதாம். கரப்பான் எப்படி நடக்கிறது என்று படிக்கிறேன் என்றேன். "அது நடக்கதத்தான் எல்லாரும் பாக்கோமே, அதுல படிக்கதுக்கு என்ன இருக்கு?" என்றாள். கோபத்தில் போனை வைத்துவிட்டேன். அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

கரப்பானுக்கு ஆறு கால். நடக்கும்போது மூன்று தரையில், மூன்று காற்றில். ஒரு பக்கத்து முன்காலும் பின்காலும் மறுபக்கத்து நடுக்காலும் ஒரு கூட்டு. அடுத்த எட்டு மற்ற மூன்றுக்கும். இதை மூளை ஒவ்வொரு எட்டுக்கும் சொல்லித் தருவதில்லை. மார்புக்குள் இருக்கும் நரம்பு முடிச்சுகளே நடத்திக்கொள்கின்றன. நடுக்கால் இரண்டையும் எடுத்துவிட்டால் இந்தக் கூட்டு உடைகிறது. மிச்சம் நான்கு கால் புது வரிசையில் நடக்க வேண்டும்.

சாரின் கண்டுபிடிப்பு இதுதான்: காலை வெட்டியதும் வரிசை மாறுவதில்லை. ஐந்தாறு நாள் ஆகிறது. அந்த நாட்களில் நரம்பு முடிச்சு புது நடையைக் கற்றுக்கொள்கிறது. இதற்காகத்தான் அவருக்கு ஆய்வு நிதி. இதற்காகத்தான் ஜெர்மனி போனார். விபத்தில் கால் இழந்தவர்களுக்கு இதனால் வழி பிறக்கும் என்று செய்தித்தாளில் படத்தோடு வந்தது. அம்புரோஸ் அண்ணனின் ஆய்வேடு முழுக்க இதுவே. என்னுடையதில் பாதி.

ஜூலை 9, செவ்வாய்

மெழுகு தீர்ந்துவிட்டது. வெட்டிய காலில் நிணநீர் கசியாமல் இருக்க, தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருக்கி, ஊசி முனையால் சொட்டுச் சொட்டாக வைத்து மூட வேண்டும். மிளகுபோலக் குமிழாக நிற்க வேண்டும். சார் வகுத்த முறை. கலவை காய்ச்சத் தெரிந்தவர் அம்புரோஸ் அண்ணன் ஒருவர்தான். அவர் சார் குடும்பத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு குற்றாலம் போயிருக்கிறார். சீசனாம்.

நான் காத்திருக்கவில்லை. பூச்சிகளை ஐஸில் மயக்கி வெட்டி, விடுதியில் யாரோ மேசையில் விட்டிருந்த நகச்சாயத்தை மெல்லத் தடவி மூடினேன். சிவப்பு நிறம். பார்க்கக் கொஞ்சம் அலங்காரமாகத்தான் இருந்தது.

ஜூலை 10, புதன்

கோகுல் எடுத்த படத்தைப் பார்த்தேன். நேற்று மாலையே அத்தனை பூச்சியும் புது வரிசையில் நடந்திருக்கின்றன. காத்திருப்பும் இல்லை, கற்றலும் இல்லை. மயக்கம் தெளிந்து எழுந்தன, நடந்தன.

ஜூலை 11, வியாழன்

குற்றாலத்திலிருந்து வந்த சாரிடம் படத்தைக் காட்டினேன். முழுதாகப் பார்க்கவில்லை. எனக்குக் கைப்பக்குவம் இல்லையாம். வெட்டும்போது நரம்பு முடிச்சு அடிபட்டிருக்குமாம். கண்ட சாயத்தையும் பூசினால் இப்படித்தான் ஆகுமாம். கோகுல் பக்கத்தில் நின்று தலையாட்டினான். அவன் வாழ்க்கையில் ஒரு பூச்சியின் காலையும் வெட்டியவனில்லை.

ஜூலை 15, திங்கள்

விடுதியில் தண்ணீர் வரவில்லை. ஆய்வகத்துப் பெட்டி கழுவும் தொட்டியில் என் துணிகளையும் துவைத்தேன்.

ஜூலை 22, திங்கள்

 

இன்று வெட்டுக்கால் பூச்சிகளின் பெட்டிகளைக் கழுவினேன். கீழே விரித்த காகிதத்தில் எச்சத்துக்கும் பிஸ்கட் தூளுக்கும் நடுவே மஞ்சளாகச் சிறு துணுக்குகள். எப்போதும் இருப்பவைதான். எத்தனை வருடமாக வழித்துக் குப்பையில் போட்டிருக்கிறேன். இன்று ஒன்றை எடுத்து லென்ஸில் வைத்துப் பார்த்தேன். மெழுகு. ஓரமெல்லாம் கடித்த தடம்.

கரப்பான் தன் காலை வாயால் சுத்தம் செய்யும் பிராணி. ஒட்டியிருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் துப்பிவிடும். ஐந்தாறு நாளில் குமிழ் போய்விடும். அதுவரை?

அதுவரை அந்தக் குமிழ் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். வெட்டியதில் மிஞ்சிய பாதித் தொடையும் மிளகளவு மெழுகும் சேர்ந்து ஒரு குட்டைக் கால். ஊன்ற முடிகிற கால். பூச்சி நடுக்காலை இழக்கவே இல்லை. நாம் வெட்டிவிட்டு, நாமே ஒட்டுக்கால் வைத்து அனுப்பியிருக்கிறோம். அது மெழுகைக் கடித்து முடிக்கிற நாளைத்தான் பூச்சி புது நடையைக் கற்றுக்கொண்ட நாள் என்று எழுதிவந்திருக்கிறோம்.

இதை ஏன் ஒருவரும் பார்க்கவில்லை? கேமரா பார்க்கிறவன் பெட்டியைத் தொடமாட்டான். பெட்டி கழுவுகிறவளுக்குக் கேமரா கிடையாது. கேமராவில் கால் தெரிகிறது, துணுக்கு தெரியாது. பெட்டியில் துணுக்கு தெரிகிறது, கால் தெரியாது. ஊரில் எது யார் வேலை என்று பிரித்துவைத்திருக்கிறார்களே, அதையே இங்கே கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி போட்டுச் செய்கிறார்கள். அதற்கு அறிவியல் என்று பெயர்.

ஜூலை 24, புதன்

சந்தேகம் வேண்டாம் என்று சோதித்தேன். நகச்சாயம் பூசிய பூச்சிகள் புது வரிசையில் நடந்துகொண்டிருந்தன. விளக்குமாற்று ஈர்க்கை நறுக்கி, வெட்டிய காலில் ஊன்றுகோல்போல ஒட்டினேன். தரையில் விட்டதும் பழைய வரிசை. முன்கால், பின்கால், எதிர்ப்பக்கத்து ஈர்க்கு. ஈர்க்கைப் பிடுங்கினேன். புது வரிசை. மறுபடி ஒட்டினேன். பழைய வரிசை.

நரம்பு முடிச்சு ஒன்றும் கற்கவில்லை. கால் தரையில் ஊன்றுகிறதா இல்லையா என்பதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். அது எவ்வளவு அழகான விஷயம் என்று எழுத இன்று எனக்குப் பொறுமை இல்லை.

எல்லாவற்றையும் என் போனில் படம் எடுத்தேன். சாவி கோகுலிடம்.

ஜூலை 26, வெள்ளி

சார் இந்தமுறை முழுப் படத்தையும் பார்த்தார். இரண்டு தடவை. பிறகு போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். திட்டவில்லை. என் பதிவு நீட்டிப்புப் படிவத்தைப் பற்றிக் கேட்டார். செப்டம்பரில் என் ஐந்து வருடம் முடிகிறது. வழிகாட்டி கையெழுத்து இல்லாவிட்டால் பதிவு ரத்து. இத்தனை வருடமும் ரத்து.

"அம்புரோஸ் வைவா நல்லபடியா முடியட்டும்மா. அன்னிக்கே ஃபார்மக் கொண்டா, போட்டுடலாம்" என்றார். குரலில் அப்படி ஓர் அன்பு. காபி குடிக்கிறாயா என்றுகூடக் கேட்டார்.

எவ்வளவு மட்டமான ஆள். நான் காபி குடிக்கவில்லை.

ஜூலை 27, சனி

பின்வாசல் டீக்கடையில் அம்புரோஸ் அண்ணனைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னேன். மெழுகு என்ற சொல்லுக்கே அவர் முகம் மாறிவிட்டது. வடையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், தின்னவில்லை.

"தெரியும் பிள்ள."

போன வருடமே தெரியுமாம். ஒருநாள் மெழுகு சூடு போதாமல் வெட்டிய காலில் ஒட்டாமல் போய்விட்டதாம். அந்தப் பூச்சிகள் அன்றைக்கே மாறி நடந்தனவாம். சாரிடம் சொன்னாராம். ஆய்வேடு எழுதி முடிக்கிற நேரத்தில் இதையெல்லாம் கிளறாதே என்றாராம். இவரும் கிளறவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் ஆராய்ச்சியாளரா, சார் வீட்டு டிரைவரா என்று கேட்டேன்.

"டிரைவருக்கு ஞாயித்துக்கிழம லீவு உண்டு" என்றார்.

சிரிக்கவில்லை நான். பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். அவர் ஊர்ப் பக்கம் கடலோரத்தில் ஒரு கல்லூரி. விரிவுரையாளர் இடம் இவருக்கென்று வைத்திருக்கிறார்கள். வைவா முடிந்த சான்றோடு போனால் போதும். வயது முப்பத்தாறு. இத்தனை வருடமும் வீட்டுக்கு ஒன்றும் செய்ததில்லை. "அது முடியட்டும் எசக்கி. அதுக்குப் பெறவு நீ மேடை போட்டுச் சொல்லு. நானே மைக்கு புடிக்கேன்."

சரி என்றேன். அவருக்காக.

ஆகஸ்ட் 5, திங்கள்

கோகுல் கேமரா அறையில் சிப்ஸ் தின்கிறான். எறும்பு வந்துவிட்டது. எறும்பு மருந்து அடித்தால் கரப்பானும் சாகும் என்பது அவனுக்குத் தெரியவில்லை. சொன்னேன். "அக்கா, இதெல்லாம் உங்க டிபார்ட்மென்ட்" என்றான்.

ஆகஸ்ட் 12, திங்கள்

வைவா இருபத்திரண்டாம் தேதி. இனி யாருக்கும் ஆராய்ச்சி நினைவில்லை. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் வசுந்தரா மேடம், பெங்களூர்க்காரர், ரொம்பக் கறாராம். அவருக்குச் சைவம், சாருக்கு மட்டன் பிரியாணி, துறையில் மீதிப் பேருக்குச் சிக்கன். சால்வை எத்தனை, பழத்தட்டு எத்தனை என்று அம்புரோஸ் அண்ணன் அலைகிறார். பட்டம் வாங்குகிறவனே தன்னைச் சோதிக்க வருகிறவர்களுக்கு விருந்து வைக்கும் வழக்கத்தை எந்த வெட்கங்கெட்டவன் தொடங்கிவைத்தானோ.

பொது வாய்மொழித் தேர்வு என்றால் அவையில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். அதனால் யாரும் கேட்பதில்லை. கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி ஆளுக்கொன்று முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். சீட்டு வாங்கியவர் எழுந்து, இப்போதுதான் தோன்றியதுபோலக் கேட்க வேண்டும். பதில் ஏற்கெனவே மனப்பாடம். என் சீட்டைச் சாரே கொடுத்தார்.

"இந்த ஆய்வின் குறைபாடுகளாக நீங்கள் கருதுவது என்ன?"

பதில்: பூச்சிகளின் எண்ணிக்கையைக் கூட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 14, புதன்

ஈர்க்குகளையும் நகச்சாயப் பூச்சிகளையும் உள்ளறை அலமாரிக்கு மாற்றினேன். எறும்பு வந்துவிடக் கூடாது என்பதற்காக. வேறு காரணம் இல்லை.

ஆகஸ்ட் 21, புதன்

படிவத்தை நிரப்பிப் பையில் வைத்தேன். இடமும் தேதியும் மட்டும் பாக்கி.

ஆகஸ்ட் 22, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கருத்தரங்க அறையில் நல்ல கூட்டம், பிரியாணிக்கு. அம்புரோஸ் அண்ணனின் அம்மாவும் வந்திருந்தார்கள். கையில் ரோஜா மாலைப் பொட்டலம். அண்ணன் கோட்டு போட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் நன்றாகப் பேசினார். படங்கள் ஓடின. முதல் நாள் பழைய நடை, ஆறாம் நாள் புது நடை. வசுந்தரா மேடம் கேட்ட கேள்விகள் கடினமானவை. இவர் சமாளித்தார். பிறகு அவையைப் பார்த்து, யாருக்காவது ஐயமா என்றார் சார்.

முதல் சீட்டு கோகுல். இரண்டாவது ஓர் இளநிலை மாணவி. மூன்றாவது நான். எழுந்து என் கேள்வியைக் கேட்டேன். தெளிவாகக் கேட்டேன். சீட்டைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை, ஆனாலும் பார்த்துத்தான் படித்தேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். மறந்துவிட்டார் என்று நினைத்து, முன்வரிசையிலிருந்து சார் "எண்ணிக்கை" என்று உதட்டை அசைத்தார்.

அண்ணன் மைக்கைக் கீழே வைத்தார். ஆங்கிலத்தை விட்டுவிட்டார்.

"குறைபாடு மெழுகு மேடம். வெட்டுன கால மூடுறதுக்கு வைக்கிற மெழுகு தரையில ஊனுது. அது விழுற நாளத்தான் பூச்சி புது நடை படிச்ச நாள்னு எழுதியிருக்கேன். ஆய்வேட்டுல மூணு, நாலு, அஞ்சு, இந்த மூணு இயலும் தப்பு."

 அண்ணனின் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மகன் தமிழில் பேசியதில் மகிழ்ச்சியாகத் தெரிந்தார்கள்.

சார் எழுந்தார். சிரித்துக்கொண்டேதான் பேசினார். மெழுகு வைத்தது ஆய்வாளரின் சொந்த முயற்சி, ஆய்வக முறையில் அது கிடையாது, அவர் தன்னிடம் சொல்லவே இல்லை, மிகவும் வருந்துகிறேன் என்றார். அவ்வளவு கூசாமல். அண்ணன் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

மேடம் கேட்டார்: "இந்த லேப்ல அனிமல்ஸ யாரு மெயின்டெய்ன் பண்றது?"

கோகுல் ஜன்னலைப் பார்த்தான். படிவம் என் மடியில் பைக்குள் இருந்தது. விருந்து முடிந்ததும் சார் கையெழுத்துப் போடுவதாக இருந்தது.

எழுந்தேன். "நான்தான் மேடம். அஞ்சு வருசமாப் பெட்டி கழுவுதேன். அண்ணன் பூச்சி, என் பூச்சி, போன பேட்ச் பூச்சி, எல்லாப் பெட்டியிலயும் மெழுகு கெடக்கும். நான் சேந்த மொத வாரம் மெழுகு வைக்கச் சொல்லித் தந்தது சார். மிளகு மாதிரி நிக்கணும்னு சொல்லித் தந்தது சார்."

மேடம் பூச்சிகளைப் பார்க்க வேண்டும் என்றார். பாதிப் பேரோடு ஆய்வகத்துக்கு வந்தார். அலமாரியிலிருந்து எடுத்து, ஈர்க்கை ஒட்டிக் காட்டினேன், பிடுங்கிக் காட்டினேன். அவர் முட்டி போட்டுத் தரையோடு தரையாகப் பார்த்தார். பட்டுப்புடவையில் தூசி. இந்த ஐந்து வருடத்தில் ஒரு பெரிய மனுஷி முட்டி போட்டுப் பார்த்ததை இன்றுதான் கண்டேன்.

முடிவு: மெழுகில்லாமல் மறுபடி செய்து, திருத்தி எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு வருடமாவது ஆகும். பட்டம் இன்று இல்லை.

பிரியாணியை மட்டும் யாரும் தள்ளிப்போடவில்லை. சார் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். அண்ணன் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வோர் இலையாகப் போய்த் தயிர்ப்பச்சடி ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

கடலோரக் கல்லூரியிலிருந்து அண்ணனிடம் பேசிவிட்டார்களாம். ஒரு வருடம் காத்திருக்க முடியாது, அடுத்த பெயரை எடுத்துக்கொள்கிறோம் என்று.

துறை வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர்மேல்தான் கோபம். வைவா முடியட்டும் என்று கெஞ்சியவர் இவர். நான் வாயை மூடிக்கொண்டு அவர் சொன்னபடி நடந்தேன். கடைசியில் இவரே போட்டு உடைக்கிறார். யார் கேட்டது இவரை? அதையே கேட்டேன்.

சொன்னார். "நீ அந்தச் சீட்டப் பாத்துப் படிச்ச பாத்தியா. உன் கொரலு அப்படி நான் கேட்டதே இல்ல பிள்ள. பள்ளிக்கூடத்துல அடி வாங்குன பிள்ள ஒப்பிக்கமாரி. அதக் கேட்டுட்டு என்னால எண்ணிக்கைன்னு சொல்ல முடியல."

என் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. மைக் சரியில்லை. அந்த அறையில் மைக் எப்போதுமே சரியில்லை.

ஆகஸ்ட் 24, சனி

சீட்டைக் கிழித்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

சார் கூப்பிட்டார். திட்டுவார், படிவத்தை முகத்தில் எறிவார் என்று தயாராகப் போனேன். பேனாவின் மூடியைத் திறந்து வைத்திருந்தார். ஆய்வு நிதியைப் புதுப்பிக்க அறிக்கை கொடுக்க வேண்டுமாம். வசுந்தரா மேடம் அந்தக் குழுவிலும் இருக்கிறாராம். ஆகவே ஊன்றும் கால், நரம்பு முடிச்சு என்று புதுத் தலைப்பு போட்டிருக்கிறார். முதல் பெயர் அவருடையது. "உன் படமெல்லாம் நல்லா வந்திருக்கும்மா" என்றார். ஜூலையில் எனக்குக் கைப்பக்குவம் இல்லை.

கோபத்தில் மறுத்திருந்தால்கூட ஒரு மனிதர் என்று நினைத்திருப்பேன். தேவைக்குப் போடுகிறார் கையெழுத்தை.

அம்புரோஸ் அண்ணன் பெயரும் என் பெயரும் முன்னால், உங்கள் பெயர் கடைசியில் என்றேன். கேமரா சாவி என்னிடம் வர வேண்டும், அண்ணன் இனி உங்கள் வண்டியைத் தொடமாட்டார் என்றேன். இல்லையென்றால் படங்களை நேரே மேடத்துக்கு அனுப்புவேன் என்றும் சொன்னேன். சார் மேசைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோகுலைக் கூப்பிட்டார்.

கையெழுத்துப் போட்ட படிவத்தை வாங்கிக்கொண்டேன். நன்றி சொல்லவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

அண்ணன் வந்தார். கோட்டு இல்லை, காற்சட்டையில் ஆயில் கறை இல்லை. மெழுகில்லாத முதல் தொகுதியை வெட்டினோம். அவர் கை என் கையைவிட நிதானம். இதை அவரிடம் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

பெட்டி கழுவும் முறையை எழுதி ஆய்வகக் கதவில் ஒட்டினேன். திங்கள் நான், செவ்வாய் கோகுல், புதன் அம்புரோஸ். வியாழனுக்கு நேரே ஆவுடையப்பன் சார் என்று எழுதினேன். கோகுல் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். மாணவர் பேரவையில் சாருக்குச் சால்வை போடுகிறார்கள் என்று காலையிலேயே போய்விட்டார். வியாழன் பெட்டிகள் கழுவாமல் கிடந்தன. பூச்சிகளைச் சுத்தமான பெட்டிகளுக்கு மாற்றினேன், அவை என்ன பாவம் செய்தன. அழுக்குப் பெட்டிகளை அவர் அறை வாசலில் வரிசையாக அடுக்கிவைத்துவிட்டு வந்தேன். மத்தியானத்துக்குள் நாறத் தொடங்கிவிட்டது.